அப்பா வயிற்றில் இருப்பது எந்த ரகம்

ஜூலை 12, சனி

காலையிலிருந்து வெயில். போனில் மழை என்று காட்டுகிறது. மலை மேல் ஒரு மேகம்கூட இல்லை. கிரிவலம் வந்த பௌர்ணமிக் கூட்டம் ஊரை விட்டுப் போயும், தெருமுனையில் பாக்குமட்டைத் தட்டும் டம்ளர் குப்பையும் அப்படியே.

அப்பாவின் எண்டோஸ்கோபி ரிப்போர்ட் வந்துவிட்டது. வியாழக்கிழமை பௌர்ணமி நெரிசலில், தான் மேனேஜராக இருக்கும் லாட்ஜ் கவுண்டரிலேயே மயங்கி விழுந்தார். மேனேஜர் தரையில் கிடக்கிறார், ரூம் எடுத்தவர்கள் சாவி கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். ஒரு வாரமாக மலம் கறுப்பாகப் போனதை எங்களிடம் சொல்லவே இல்லை. ஏன் மறைத்தார்? கேட்டால், "பயந்துடுவீங்கன்னு."

ரிப்போர்ட்டில்: சிறுகுடலின் ஆரம்பத்தில் புண். போட்டோவும் இருக்கிறது. ரோஸ் சுவரில் வெள்ளைக் குழி. வாய்ப்புண் போலத்தான், ஆனால் உள்ளே ஆழத்தில். காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி. பாக்டீரியா. (இனி எச்.பை. கை வலிக்கிறது.)

டாக்டரம்மா அதிகம் பேசுவதில்லை. பேசியது: "ரெண்டு வாரம் மாத்திரை. ஒரு வேளைகூட விடக்கூடாது. வலி போச்சுன்னு பாதியில நிறுத்தினா கிருமி பழகிக்கும். அப்புறம் இந்த மாத்திரைக்கே அசையாது." அம்மாவுக்கும் நெஞ்செரிச்சல் உண்டு என்றதும் அவளுக்கும் ஒரு டெஸ்ட் எழுதினார்.

செய்ய வேண்டியவை:
— விலங்கியல் ரெக்கார்டு, இரண்டு படம் பாக்கி
— மாவட்ட நூலகம்: எச்.பை. பற்றி என்ன கிடைக்கும்?
— அப்பா மாத்திரை, காலை + ராத்திரி, நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன்

கீழ்பென்னாத்தூரிலிருந்து அத்தை போன். அப்பாவின் அக்கா. "நாளைக்கு வரேன். நான் வர்ற வரிக்கும் அவனுக்கு எதுவும் புதுசா குடுக்காதீங்க." புதுசா என்றால் என்ன?

ஜூலை 13, ஞாயிறு

பத்து மணி பஸ்ஸில் அத்தை. ஒரு பை மல்லாட்டை (பள்ளியில் நிலக்கடலை என்று எழுதினால்தான் மார்க்), முருங்கைக்கீரை, ஒரு புது அலுமினியக் குண்டான்.

குண்டான் எதற்கு? எங்கள் வீட்டில் பாத்திரத்துக்குப் பஞ்சமில்லை.

மத்தியானம் தெரிந்தது. அப்பாவுக்குத் தனியாகக் கஞ்சி வைக்கிறார். அதே குண்டானில், தானே. அம்மா உப்பு டப்பாவை நீட்டினாள். "வேணாம் சுமதி, நான் எடுத்துகினு வந்திருக்கேன்." பையிலிருந்து ஒரு பொட்டலம் உப்பு! ஊரிலிருந்து உப்பைச் சுமந்து வந்திருக்கிறார்.

அம்மா தையல் மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள். அம்மா கோபமாக இருந்தால் மெஷின் வேகமாக ஓடும். இன்று ஓடிய வேகத்தில் ஒரு பிளவுஸ் முழுதும் முடிந்திருக்கும்.

அப்பா கஞ்சி குடித்தார். மாத்திரை கசக்கிறதாம், நாக்கில் துருப்பிடித்த ஆணி வைத்தது போல.

ஜூலை 15, செவ்வாய்

வேதியியல் டெஸ்ட். சுமார்.

வந்து செருப்பைக் கழற்றும்போது அத்தை மாடிப்படியில் நின்று போனில் பேசுவது கேட்டது. யாருடன் என்று தெரியவில்லை. ஊரில் யாரோ.

"...கிருமியும் இல்ல ஒண்ணும் இல்ல. வயித்துல வச்சிட்டா. நம்ம ஊர்ல பாக்காததா? கல்யாணம் ஆன ஆறு மாசத்துல தனிக்குடித்தனம் இட்டுகினு போனாளே, அப்பவே வச்சிருப்பா. இப்ப அது முத்திப்போயி அவன் குடலை அறுக்குது..."

அப்படியே நின்றேன். ஒரு கால் செருப்பில்.

இது எனக்குத் தெரிந்த கதைதான். புருஷன் சொன்ன பேச்சு கேட்க வேண்டும் என்று பெண்டாட்டி சோற்றில் எதையோ கலந்து கொடுத்துவிடுவாளாம். அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு உருண்டையாகி, ஆளை உருக்கிக் கொல்லுமாம். லீவுக்கு ஊருக்குப் போனால் யாராவது ஒருத்தியைப் பற்றி இப்படிச் சொல்வார்கள். நானும் வாய் பிளந்து கேட்டிருக்கிறேன். எங்கள் அம்மாவைப் பற்றி என்று வரும்போதுதான் அது கதை இல்லை, பழி என்று தெரிகிறது.

உப்புப் பொட்டலம் புரிந்தது.

ஜூலை 16, புதன்

அம்மா டெஸ்ட் ரிசல்ட்: எச்.பை. இருக்கிறது. புண்ணுக்கான அறிகுறி இல்லை. அவளுக்கும் அதே மாத்திரைகள்.

எனக்குச் சந்தோஷம். (எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது.) கிருமிதான் என்று நிரூபணம் ஆகிவிட்டதே என்று நினைத்தேன். ராத்திரி சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னேன்.

அத்தை கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்டியா? உங்கம்மா வயித்துலயும் அதே கிருமியா?"

"ஆமா அத்தை."

"ஒரே குண்டான்ல ஆக்கி, ஒரே வீட்ல சாப்புடறீங்க. ஒரே கிருமி. அவ கல்லு மாதிரி உக்காந்து மெஷின் மிதிக்கிறா. எந்தம்பி மட்டும் ரத்தமா போறான். ஏன்? படிக்கிற பொண்ணு தானே, சொல்லு."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அப்பா, "விடுக்கா, சாப்புடு" என்றார். அத்தை சாப்பிடவில்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன், வந்ததிலிருந்து இரண்டு கவளத்துக்கு மேல் இறங்குவதில்லை. அம்மா சமைத்தது என்பதால் என்று நினைத்தேன். ஆனால் தானே வைத்த கஞ்சியையும் அப்படித்தான் வைத்துவிட்டு எழுந்தார். பல வருஷமாக வயிறு எரிகிறதாம், சோடா வாங்கி வரச் சொன்னார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. காற்று. கொடியில் போட்ட யூனிஃபார்ம் பக்கத்து மாடியில்.

பள்ளி விட்டு நேராக நூலகம். கல்லூரிப் பிள்ளைகள் படிக்கும் நுண்ணுயிரியல் புத்தகம், தலையணை கனம், ஆங்கிலம், வீட்டுக்குத் தர மாட்டார்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். புரிந்தது:

— எச்.பை. உலகத்தில் கோடிக்கணக்கானவர்கள் வயிற்றில் இருக்கிறது. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை.
— பெயர் ஒன்று. ஆனால் உள்ளே பல ரகம்.
— சில ரகங்களிடம் கூடுதலாக ஒரு மரபணுத் தொகுப்பு. அதை வைத்து ஊசி போல ஒன்றைச் செய்து, நம் வயிற்றுச் செல்லைக் குத்தி ஒரு புரதத்தை உள்ளே செலுத்துகின்றன! (படம் பார்த்தேன். நிஜமாகவே ஊசி.)
— அந்த ரகம் உள்ளவர்களுக்குப் புண் வருவது ஜாஸ்தி. சிலருக்குப் பல வருடம் கழித்து வயிற்றுப் புற்றுநோய்.
— ஊசி இல்லாத ரகம் ஆயுள் முழுக்கப் பெரிய தொல்லை தராமலே இருந்துவிடலாம்.
— ரகம் மட்டும் காரணம் இல்லை. உடம்பு, சிகரெட், வலி மாத்திரை எல்லாமும் சேரும். (அப்பா பௌர்ணமிக்குப் பௌர்ணமி தலைவலி மாத்திரை போடுவார். வெறும் வயிற்றில்.)

எங்கள் வகுப்பில் மூன்று பிரியதர்ஷினி. அட்டெண்டன்ஸில் ஒரே பெயர். ஒருத்தி பேனா கொடுப்பாள், ஒருத்தி வாங்குவாள், ஒருத்தி கடிப்பாள்.

ஆக, அத்தை கேள்விக்குப் பதில் இருக்கிறது. அம்மாவிடம் ஒரு ரகம், அப்பாவிடம் வேறு ரகமாக இருக்கலாம். அப்படியென்றால் அப்பாவுக்கு அது அம்மாவிடமிருந்து வரவில்லை. பிறகு எங்கிருந்து?

சந்தேகம்:
1. லாட்ஜ் தண்ணீர்க் கேன்
2. பஸ் ஸ்டாண்டு பஜ்ஜிக் கடை, சட்னி வாளி
3. கிரிவலப் பாதையில் கிடைப்பதையெல்லாம் வாங்கிச் சாப்பிடுவது
4. நான்?

நாலாவதை எழுதியதும் என் வயிறும் எரிவது போல் இருக்கிறது. இது கற்பனை. எனக்குத் தெரியும்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி வெள்ளி. அம்மா விடியும் முன்பே எழுந்து பெரிய கோலம் போட்டிருந்தாள். யாருக்கு நிரூபிக்கவோ.

இன்று செய்ததை எழுதத்தான் வேண்டும்.

அம்மா பால் வாங்கப் போயிருந்தாள். நான் அடுப்படியில் தண்ணீர் குடிக்கப் போனேன். அஞ்சறைப்பெட்டியைத் திறந்தேன். மூடினேன். ரசப்பொடி டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். சாம்பார்ப் பொடி. பெருங்காய டப்பா. அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று கைவிட்டுத் துழாவினேன். பழைய ரப்பர் பேண்டும் ஒரு செத்த கரப்பானும்.

எதற்காகத் தேடினேன்? ஊசி வைத்த பாக்டீரியாவின் படத்தை நேற்றுதான் பார்த்தவள் நான்.

திரும்பினால் அம்மா. கையில் பால் பாக்கெட்.

"நீயுமாடி?"

"மிளகு தேடினேம்மா."

மிளகு டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். இன்று முழுதும் மெஷின் சத்தமே இல்லை.

ஜூலை 19, சனி

வெடித்துவிட்டது.

அத்தை அப்பாவிடம்: "வர்ற வியாழக்கிழமை ஆடி அமாவாசை. ஊருக்கு அந்தாண்ட ஒருத்தர் வச்சத எடுக்கிறாரு. வயித்து மேல குழல் வச்சி உறிஞ்சி வாயால துப்புவாரு. எங்க ஓர்ப்படி புள்ளைக்கு இம்மாம் பெரிய உருண்டை வந்துச்சி, முடியும் கிடியுமா. என் கண்ணால பாத்தேன். மூணு நாள் முன்ன இங்கிலீஷ் மாத்திரைய நிறுத்திடணும். உள்ள ரெண்டும் சண்ட போட்டா ஆளுக்கு ஆபத்து."

நான்: "நிறுத்தக்கூடாது அத்தை! டாக்டர்—"

"நீ உள்ள போ, பெரியவங்க பேசறப்ப."

அம்மா பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள். "அண்ணி, நான் உங்ககிட்ட பேசல. ஏங்க, உங்களத்தான். அந்த ஆளு துப்பறதுக்குப் பேரு இன்னா? நான் வச்சதுன்னு தானே? அமாவாசைக்கு நீங்க அங்க போய் உக்காந்தா, நான் உங்களுக்கு வச்சேன்னு நீங்களே ஒத்துக்கிட்டதா அர்த்தம். அன்னிக்கே நான் போளூர் போயிடுவேன். எங்க அண்ணன் வீட்டுக்கு. திரும்ப வர மாட்டேன்."

"பாத்தியாடா, பாத்தியா! பயம் வந்துடுச்சி அவளுக்கு" என்றார் அத்தை.

அப்பா சுவரைப் பார்த்தார். எப்போதும் சுவரைத்தான் பார்ப்பார். அம்மா போளூர் போனால் நான் எங்கே? யாரும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் ஒன்று. அத்தை மூன்று பிளவுஸை அம்மாவிடம் பிடித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறார்! அவள் கைச் சோறு ஆகாது, கைத் தையல் ஆகும். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அளவு எடுத்தாள். பிறகு என்னிடம் மெல்ல, "ரெண்டு பக்கமும் நல்லா உள்ள வாங்கணும். போன தீபாவளிக்கு நான்தான் தச்சேன். இப்படி எளைச்சிருக்காங்களே."

ஜூலை 20, ஞாயிறு

அப்பாவின் மாத்திரை அட்டையில் நேற்று ராத்திரி இருந்த எண்ணிக்கையே இன்று ராத்திரியும் இருக்கிறது. குப்பையில் வேறு காலி அட்டை கிடக்கிறதா என்று தேடினேன். இல்லை. அவர் போட்டிருந்தால் குறைந்திருக்க வேண்டும். ஆக, அத்தை சொன்ன மூணு நாளுக்கு முன்பே நிறுத்திவிட்டார்.

அப்பா மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"வாய் கசக்குது பாப்பா."

"பொய்."

சிரித்தார். "சரி. அக்காவுக்காகத்தான். ஒரு நாள் போய்ட்டு வந்தா அவ மனசு ஆறிடும். அப்புறம் மாத்திரை போட்டுக்கிறேன்."

"அம்மா போளூர் போயிடுவாங்க."

"சும்மா சொல்றா."

"சும்மா சொல்லலப்பா. துணி எடுத்து வச்சிட்டாங்க."

அது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. மறுபடி மலைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "உனக்குத் தெரியாது பாப்பா. எங்கம்மா விடிஞ்சா கழனிக்குப் போயிடும். என்ன இடுப்புல வச்சி வளத்தது அக்காதான். அதுவே சின்னப் பொண்ணு. எனக்குப் பல்லு இல்லாதப்ப மல்லாட்டையும் வெல்லமும் வாயில மென்னு மென்னு எடுத்து ஊட்டுமாம். அதோட பேச்ச எப்டி தட்டச் சொல்ற?"

கீழே வந்து ரெக்கார்டு படம் போட்டேன். தவளையின் இரைப்பை. பாதியில் பென்சிலை வைத்துவிட்டேன்.

மென்று எடுத்து.

புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. அவசரத்தில் பாதி படித்துவிட்டுத் திருப்பினேன். நாளை முதல் வேலை அதுதான்.

ஜூலை 21, திங்கள்

அந்த வரி: எச்.பை. பெரும்பாலும் சிறு வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே, கூட இருப்பவர்களிடமிருந்துதான் வருகிறது. வந்தால் மருந்து கொடுக்கும்வரை ஆயுளுக்கும் இருக்கும். ஒரு குடும்பத்தில் ஒரே ரகம் இருப்பதும் உண்டு.

மாலை அம்மாவின் மாத்திரைச் சந்தேகம் கேட்கிற சாக்கில் கிளினிக்கில் நுழைந்தேன். அம்மா வெளியில். டாக்டரம்மாவிடம் மூச்சு விடாமல் கேட்டேன்.

"மென்னு குடுத்தா வருமா டாக்டர்?"

"வரலாம். எச்சில் வழியா, வாந்தி வழியா, சுத்தமில்லாத கையால. ஏன்?"

"ரெண்டு பேர் கிருமி ஒரே ரகமான்னு டெஸ்ட் எடுக்க முடியுமா?"

"இங்க முடியாது. தேவையும் இல்லம்மா. எந்த ரகமா இருந்தாலும் மருந்து அதேதான்."

"ஒருத்தங்களுக்கு வயசாச்சு. சாப்பாடு இறங்கல. எளைச்சுட்டாங்க. ரொம்ப வருஷமா வயிறு எரியுதாம், சோடா குடிக்கிறாங்க."

அப்போதுதான் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "யாரு அது? உடனே இட்டுகிட்டு வா. தள்ளிப் போடாத."

அப்பா மாத்திரையை நிறுத்தியதையும் சொல்லிவிட்டேன். திட்டு எனக்கு விழுந்தது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம்.

ஜூலை 22, செவ்வாய்

தலை வலிக்கிறது. எழுதாமல் தூங்க முடியாது.

நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். சொன்னால் அம்மா மேல் உள்ள பழி விலகும். ஆனால் பழி இடம் மாறும், அவ்வளவுதான். என்னிடமும் நிரூபணம் இல்லை. அத்தை அம்மாவைச் சந்தேகப்படுவது போலத்தான் நான் அத்தையைச் சந்தேகப்படுகிறேன். புத்தகம் வைத்துக்கொண்டு. சொல்லாவிட்டால்? அத்தை ஊருக்குப் போய்விடுவார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோடா குடிப்பார். எதுவரை?

இன்று மதியம் ஆசிரியர் கூட்டம் என்று பள்ளி அரை நாள். அம்மா துணி கொடுக்கப் போயிருந்தாள். அப்பா தூக்கம். அத்தை கூடத்தில் முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்தேன். ரகம் பற்றி மட்டும் சொல்வது, மிச்சத்தைச் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்தேன்.

"அத்தை, அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்களே. ஒரே கிருமி, அப்பாவுக்கு மட்டும் ஏன்னு."

"ஆமா. கண்டுபுடிச்சிட்டியா?" கேலியாகத்தான் கேட்டார்.

"இதுல ரகம் இருக்குது அத்தை. மல்லாட்டைல இருக்கிற மாதிரி. பேரு ஒண்ணுதான், கொடியா படர்றது, குத்தா நிக்கிறதுன்னு வேற வேற இல்ல? ஒரு ரகத்துக்கு நோவு வரும், ஒண்ணுக்கு வராது. அந்தக் கிருமிலயும் ஒரு ரகம் குத்தும், ஒரு ரகம் சும்மா இருக்கும்."

"அட." உரிப்பது நிற்கவில்லை. "அப்ப உங்கம்மாளுது சும்மா இருக்கிற ரகம்ன்ற."

"இருக்கலாம்."

"அவனுது குத்தற ரகம்."

"இருக்கலாம்."

"அவளுது ஒரு ரகம், அவனுது ஒரு ரகம்னா, அவகிட்ட இருந்து அவனுக்கு வரல." விதை வாங்கும்போது பேசுகிற குரல். "அது எப்ப வரும்? இப்ப வர்றதா?"

"சின்ன வயசுல. பெரும்பாலும்."

"எங்க இருந்து?"

"வீட்ல இருந்து." நிறுத்திக்கொண்டேன்.

"விதை நம்ம வூட்டு விதைன்னா, ரகமும்—"

அங்கேயே பேச்சை நிறுத்திவிட்டார். கையில் இருந்த காய் உடைந்து, பருப்பு இரண்டும் மடியில் விழுந்தது. எடுக்கவில்லை. நான் முறத்தைப் பார்த்தேன்.

முறத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, "வாயில இருக்குமா அது? எச்சில்ல?"

"இருக்கலாம் அத்தை. உறுதியா சொல்ல முடியாது. யாராலயும் சொல்ல முடியாது."

"உங்கப்பன் சொன்னானா உனக்கு? நான் மென்னு குடுத்தத?"

தலையாட்டினேன்.

"அவன் அழுவான்டி. பசில நீலம் பூத்துப் போவான். நான் இன்னா பண்ணுவேன், நானே ஒரு குட்டி." மேல் வயிற்றில் கை வைத்து அழுத்தினார். அதை அவர் அறியாமலே செய்கிறார். "எனக்கும் இருக்குமா?"

"டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும்."

"அப்ப நான்தானா அவனுக்கு—"

அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார். கடலைத் தூசியும் ஈரமுமாக இருந்தது கை. "இத அவன்கிட்ட சொல்லாத. உங்கம்மாகிட்ட கூடவே கூடாது. சுமதிக்குத் தெரிஞ்சா நான் இந்த வாசப்படி மிதிக்க முடியாது."

இந்த இடத்தில் நான் நல்ல பெண்ணாக இருந்திருந்தால் சரி என்று மட்டும் சொல்லியிருப்பேன். "சொல்ல மாட்டேன் அத்தை. நீங்க டெஸ்டுக்கு வரணும். அமாவாசைக்கு அப்பா அங்க போகக் கூடாது" என்றேன்.

அத்தை என் முகத்தையே பார்த்தார். "அப்படியே எங்கூட்டு ரத்தம்" என்றார். பாராட்டா திட்டா, தெரியவில்லை.

ஜூலை 23, புதன்

தூறல், ஒரு வழியாக.

காலையில் அத்தை அப்பாவிடம்: "அந்த ஆளு இந்த அமாவாசைக்கு இல்லியாம். போன் பண்ணிக் கேட்டேன். மாத்திரையே போடு நீ." யாருக்கும் போன் பண்ணவில்லை. அவர் போன் என் கையில்தான் இருந்தது, சார்ஜ் போட.

அப்பா உடனே போட்டுக்கொண்டார். நிம்மதி அவருக்கு! அவர் போகவே விரும்பவில்லை என்று நினைக்கிறேன். யாராவது ஒருவர் முடிவு செய்தால் போதும் அவருக்கு.

அம்மா நம்பவில்லை. "ஏன் திடீர்னு?" என்று என்னை அடுப்படிக்குள் இழுத்துக் கேட்டாள். "அடுத்த அமாவாசைக்குத் தள்ளி வச்சிருக்காங்களா? வேற எவனையாவது பாத்துட்டாங்களா?" கட்டி வைத்த பையை அவிழ்க்கவில்லை. கட்டிலடியில் இருக்கிறது.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

அய்யங்குளத்துப் பக்கம் தர்ப்பணக் கூட்டம். ஆட்டோ சுற்றிக்கொண்டு போனது. காலையில் பள்ளிக்கு முன் "கோயிலுக்கு" என்று சொல்லிவிட்டு அத்தையும் நானும் கிளினிக் போனோம். பொய் எண்: எத்தனை என்று மறந்துவிட்டது.

டாக்டரம்மா: "எவ்ளோ வருஷமா எரிச்சல்?"

அத்தை என்னைப் பார்த்தார். "இவ அப்பன் கல்யாணத்துக்கு முன்னாடி இருந்து."

வயிற்றை அழுத்திப் பார்த்தபோது டாக்டரம்மாவின் முகம் மாறியதா இல்லையா? நான் உற்றுப் பார்த்தேன். மாறவில்லை. டாக்டர்கள் பழகியிருப்பார்கள்.

சாம்பிள் கொடுத்தாகிவிட்டது. திரும்பும்போது நிஜமாகவே கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். வீட்டில் கேட்டால் ஒரு பாதியாவது உண்மையாக இருக்கட்டும்.

ஜூலை 26, சனி

அத்தைக்கும் இருக்கிறது. ரத்தம் கம்மி. புதன்கிழமை எண்டோஸ்கோபி. "பயப்படாதீங்க, பாத்துட்டுப் பேசலாம்" என்று டாக்டரம்மா சொன்னதைத்தான் நான் பயந்து பயந்து திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். பாத்துட்டு என்றால் எதை?

வீட்டில் சொன்னது: ரத்தம் கம்மியாம், டெஸ்ட்டாம். அவ்வளவுதான்.

மதியம் அம்மா ரசம் வைத்திருந்தாள். அத்தை தட்டை எடுத்துக்கொண்டு தானாக வந்து உட்கார்ந்தார். "ஊத்து சுமதி." அம்மாவின் கரண்டி ஒரு நொடி நின்றது. ஊற்றினாள். அத்தை மூன்று கவளம் சாப்பிட்டார். "உப்பு கம்மி" என்றார். அம்மா உப்பு டப்பாவை நகர்த்தினாள். அதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்பாவுக்குப் பரம சந்தோஷம். பெண்கள் சமாதானமாகிவிட்டார்களாம். மாத்திரைதான் எல்லாவற்றையும் சரி செய்ததாம். லாட்ஜுக்குத் திங்கள் முதல் போகப் போகிறார்.

சாயங்காலம் அம்மா பிளவுஸ் கொக்கி வைத்துக்கொண்டே, தலை நிமிராமல்: "அவங்ககிட்ட நீ இன்னா சொன்ன?"

"டெஸ்ட் எடுக்கச் சொன்னேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

"பதினேழு வருஷமா என் கையால ஒரு வாய் கேட்டு வாங்கிச் சாப்புடாதவங்க. நீ டெஸ்ட் எடுக்கச் சொன்னதும் ரசம் ஊத்துன்றாங்க." நூலைப் பல்லால் கடித்தாள். "ரெண்டு பேரும் சேந்து எதையோ மறைக்கிறீங்க. அவரு வயித்துல இன்னா இருக்குது? கேன்சரா? அதச் சொல்ல மாட்டேன்றீங்களா?"

"ஐயோ, அப்பாவுக்கு ஒண்ணும் இல்லம்மா!"

"அப்ப யாருக்கு?"

அப்பாவுக்கு என்று அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாது.

வாயைத் திறந்தேன். கூடத்தில் அத்தை படுத்திருந்தார், கண்ணை மூடி. தூங்கவில்லை என்று கால் விரலைப் பார்த்தாலே தெரிந்தது. "தெரியலம்மா" என்றேன். இது பொய் இல்லை. ஆனால் அம்மா பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ராத்திரி என் தட்டில் சாதம் போடும்போதும் முகத்தைப் பார்க்கவில்லை.

அத்தை புதன்கிழமை என்னைத்தான் கூட வரச் சொல்கிறார். வேறு யாரும் வேண்டாமாம். மயக்க ஊசி போட்டால் மயக்கத்தில் எதையாவது உளறிவிடுவாராம், நான் மட்டும் இருந்தால் பரவாயில்லையாம்.

லீவ் லெட்டர் எழுத உட்கார்ந்தேன். மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு. புதன்கிழமை ஒரு நாள் விடுப்பு. காரணம் என்ற இடத்தில் நிற்கிறேன். கீழே அம்மாவின் கையெழுத்து வேண்டும், படிக்காமல் போட மாட்டாள்.